ட்ரக்கின் மூக்கும் எதிரே வருபவரின் கண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அம்மா எழுதியிருந்தார். ஒன்ராறியோவில் லிண்ட்சே பக்கம் 7ஆம் இலக்க நெடுஞ்சாலையில் இரவில் வரும்போது எதிரே வரும் பிக்கப் ட்ரக்குகளின் லைட் கண்ணைப் பறிக்கிறது, இவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே ஹைபீம் போட்டுக்கொண்டு ஓடுகிறார்களா, பொலிஸ் ஏன் பிடிப்பதில்லை என்று கேட்டிருந்தார். வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. ஏனென்றால் கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் அந்த வீதியில் அப்படி ஓடியவர்களில் நானும் ஒருவன். ஹைபீம் இல்லை அம்மா, லோபீம்தான். ட்ரக்கின் முன்பக்கத்தைத் தூக்கினேன், லைட்டை இறக்கவில்லை. இறக்க வேண்டும் என்றே எனக்கு அப்போது தெரியாது.

நான் ஸ்காபரோவில் பேஸ்மென்ட் திருத்த வேலை செய்பவன். என்னிடம் இருப்பது 2016ஆம் ஆண்டு ஃபோர்ட் எஃப்-150 பிக்கப், நாலு கதவு, நாலு சக்கரமும் இழுக்கும் வகை, பாவித்த வாகனமாக வாங்கியது. ஒருநாள் மருமகன் வந்து ட்ரக்கைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "மாமா, உங்கட ட்ரக் ஏன் நிலத்தை மணந்துகொண்டு நிக்குது?" என்று கேட்டான். அதுவரை நான் கவனித்ததே இல்லை. அவன் சொன்னபிறகு அதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் எழும்பி, மாடு புல் மேய்வதுபோல் நின்றது. "லெவலிங் கிட் எண்டு ஒண்டு இருக்கு மாமா, இருநூறு டொலர் காசுதான், போட்டால் நேரா நிக்கும்" என்றான். இப்போது நம்மவர்களின் திருமண மண்டபக் கார் நிறுத்துமிடங்களைப் பார்த்தாலே தெரியும், மூக்கைத் தூக்காத ட்ரக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தாழ்ந்து நிற்பது பழுது இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையிலேயே அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள். அநேகமான பிக்கப்புகளில் முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒன்றரை முதல் இரண்டரை அங்குலம் தாழ்வாக இருக்கும். பின் பெட்டியில் பாரம் ஏற்றினால், அல்லது டிரெய்லர் கொளுவினால் பின்பக்கம் இறங்கும், அப்போதுதான் ட்ரக் மட்டமாக வரும். வெறும் பெட்டியோடு கடைத்தெருவுக்குப் போய் வருகிறவருக்கு அது மூக்குக் குத்தல். பாரம் ஏற்றுகிறவருக்கு அது கணக்கு. ஊரில் மாட்டுவண்டில் கட்டியவர்களுக்கு இது புதிது இல்லை. அப்பா வெங்காய மூட்டை ஏற்றி முடித்ததும் உடனே மாட்டைத் தட்டமாட்டார், நுகத்தைக் கையால் ஒரு தரம் தூக்கிப் பார்ப்பார், முன்பாரமா பின்பாரமா என்று. பின்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும், மாடு இழுக்காது. ஆகவே கொஞ்சம் முன்பாரமாக வைத்துத்தான் கட்டுவார்கள். இவ்வளவும் தெரிந்த வீட்டில் பிறந்துவிட்டுத்தான் நான் காசு கொடுத்துப் பின்பாரம் வாங்கினேன்.

ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டேன். பெயர் வேண்டாம், நம்மவர் கடைதான். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அவர்கள் கேட்கவும் இல்லை, நான் அளந்து கொண்டுபோகவும் இல்லை. இரண்டரை அங்குலக் கிட் கையிருப்பில் இருந்தது, போட்டார்கள். மூன்று மணித்தியாலத்தில் திறப்பைக் கையில் தந்தார்கள். அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் வேலை, செய்ய வேண்டாமா என்று கேட்டதற்கு, "கொஞ்ச நாள் ஓடட்டும் அண்ணை, ஸ்பிரிங் படிஞ்சு இருக்கட்டும், பிறகு பாப்பம்" என்று பதில். லைட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. ட்ரக்கைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மனைவி மட்டும் ஏறுவதற்குக் கால் எட்டவில்லை என்று முறைத்தார்.

முதல் கிழமையிலேயே எதிரே வருகிறவர்கள் எனக்கு லைட் அடிக்கத் தொடங்கினார்கள். ட்ரக் வடிவாக இருக்கிறது, அதற்குத்தான் அடிக்கிறார்கள் என்று நினைத்தேன் என்றால் நம்புவீர்களா? பிறகு, முன்னால் பொலிஸ் நிற்கிறது போலும் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். லிண்ட்சே தாண்டி ஒரு கொட்டேஜ் வேலைக்காகத் தொடர்ந்து இரண்டு மாதம் அந்த இருவழிப் பாதையில் போய்வந்தபோது ஒவ்வோர் இரவும் இதே கதை.

கணக்கைப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். என் ட்ரக்கின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 145 அங்குலம். முன்பக்கத்தை மட்டும் இரண்டரை அங்குலம் தூக்கினால் முழு வாகனமும் ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாக நிமிர்கிறது. ஒரு பாகை என்றால் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். ஆனால் லைட்டுக்கு அது 25 அடியில் 5 அங்குலம், 100 மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டர். கார் ஓட்டுகிறவரின் கண் நிலத்திலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலேதான் இருக்கும். வீதியில் விழ வேண்டிய வெளிச்சம் முழுவதும் அந்த அம்மாவின் முகத்தில் விழுந்திருக்கிறது. இது வெறும் பெட்டியோடு. பின்னால் பாரம் ஏற்றினால் இன்னும் நிமிரும்.

பாரம் ஏற்றிய கதையும் இருக்கிறது. ஒருநாள் 24 ட்ரைவோல், சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகை, ஏற்றினேன், நாலுக்கு எட்டு அடி, அரை அங்குலத் தடிப்பு, ஒன்று ஏறக்குறைய 50 இறாத்தல். அதோடு இரண்டு வேலையாட்கள், கருவிப் பெட்டிகள். 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறியதும் ஸ்டியரிங் கையில் இல்லாததுபோல் இலேசாகிவிட்டது. கிங்ஸ்டன் ரோட் வெளிவழியில் இறங்கும்போது வளைவில் முன்சக்கரம் கடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனதுபோல் ஓர் உணர்வு, பக்கத்தில் இருந்த பையன் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டான். வேலை இடத்தில் இறங்கித் தள்ளி நின்று பார்த்தேன். ட்ரக் பின்னங்காலில் குந்திக்கொண்டு வானத்தைப் பார்த்தது.

அமெரிக்காவின் தென்பகுதியில் சில இளைஞர்கள் இதையே அழகுக்காகச் செய்கிறார்கள், கரோலைனா ஸ்குவாட் என்று பெயர். முன்பக்கம் கோபுரம்போல், பின்பக்கம் நிலத்தோடு. ஓட்டுகிறவருக்கு முன்னால் நடந்து போகும் பிள்ளை தெரியாது. வட கரோலைனா 2021இல் தடை செய்தது, பின் மட்கார்டைவிட முன் மட்கார்ட் 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக்கூடாது என்று. 2022இல் வேர்ஜீனியா, 2023இல் தென் கரோலைனா. அவர்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்துச் செய்ததை நான் 24 ட்ரைவோலால் பாதி தூரம் செய்துவிட்டேன்.

அதற்குள் முன் ரயர்களின் விளிம்பைக் கையால் தடவினால் ஒரு திசையில் வழுவழு, மறு திசையில் அரம்போல் சுரண்டியது. அலைன்மென்ட் போய்விட்டது என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம். முன்பக்கத்தைத் தூக்கினால் சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கைகள் கீழ்நோக்கிச் சாயும், சக்கரத்தின் கோணம் மாறும், இது தவிர்க்க முடியாதது. "கொஞ்ச நாள் ஓடட்டும்" என்றால் ரயர் தேயட்டும் என்று அர்த்தம். இரண்டு ரயர் மாற்றினேன். கிட்டின் விலையைவிட அது கூட.

சரி, போட வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. இன்றைக்கும் என் ட்ரக்கில் கிட் இருக்கிறது. தேர்ந்தெடுக்கிற விதத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் ஒரு டேப்பை எடுத்து அளவெடுங்கள். மட்டமான இடத்தில், பெற்றோல் தாங்கி நிறைந்திருக்க, ரயர்க் காற்று சரியாக இருக்க, வழமையாக நீங்கள் காவித் திரியும் கருவிகள் பெட்டியில் இருக்கும்போதே. நிலத்திலிருந்து சக்கரத்தின் நடு வழியாக மட்கார்ட் விளிம்பு வரை. எனக்கு முன்னால் 37¼, பின்னால் 39½. வித்தியாசம் 2¼. இரண்டு மட்கார்ட்களின் வளைவும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டவை என்று சொல்ல முடியாது, ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் ஒரு மட்டப்பலகையை வைத்தும் பாருங்கள், நம்மைப் போன்ற வேலைக்காரர்களிடம் மட்டப்பலகை இல்லாமலா போய்விடும்? பிறகு உங்களையே கேளுங்கள்: கிழமையில் எத்தனை நாள் பாரம் ஏற்றுகிறேன்? வெறும் சவாரி என்றால் வித்தியாசம் முழுவதையும் எடுக்கலாம். பாரம் ஏற்றுகிறவர், படகோ டிரெய்லரோ இழுக்கிறவர், அரை அங்குலமாவது விட்டுவையுங்கள். நான் இப்போது முக்கால் அங்குலம் விட்டிருக்கிறேன்.

அடுத்தது எந்த வகை. இது உங்கள் ட்ரக்கின் முன்பக்கம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது, கடைக்காரரின் கையிருப்பைப் பொறுத்தது அல்ல. எஃப்-150, சில்வராடோ 1500, டகோமா, டண்ட்ரா போன்றவற்றில் ஸ்பிரிங்கும், குலுக்கலை அடக்கும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் என்ற பாகம் இருக்கிறது. ஜிஎம்மின் 2500, 3500 பெரிய ட்ரக்குகளில் டோர்ஷன் பார், அதாவது முறுகும் இரும்புத் தண்டு. அதில் சாவி எனப்படும் துண்டை மாற்றியோ திருகை இறுக்கியோ உயர்த்துவார்கள். ஃபோர்டின் சூப்பர் டியூட்டி நாலு சக்கர வகையில் முன்னாலும் முழு அச்சு, ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு துண்டு வைத்தால் உயரும். காற்றுப்பை சஸ்பென்ஷனோடு வந்த ராம் 1500 என்றால் துண்டு, கிண்டு என்று ஒன்றுக்கும் போகாதீர்கள், அதன் உயரத்தைச் சென்சர் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஸ்ட்ரட் உள்ளவர்களுக்கு மூன்று வழி. ஒன்று, ஸ்ட்ரட்டின் தலைக்கு மேல் வைக்கும் துண்டு. மலிவு, ஸ்பிரிங்கை அவிழ்க்கத் தேவையில்லை, ஓட்டம் முன்பு போலவே மெத்தென்று இருக்கும். கிட்டைத் திறந்து பார்த்தால் ஒன்றரை அங்குலம் என்று பெட்டியில் போட்டிருக்க, உள்ளே இருக்கும் துண்டு அதில் பாதித் தடிப்பில்தான் இருக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். ஸ்ட்ரட் நிற்பது கையின் நடுப்பகுதியில், சக்கரம் இருப்பது கையின் நுனியில். நடுவில் முக்கால் தள்ளினால் நுனியில் ஒன்றரை போகும். இதிலுள்ள கெடுதல் என்னவென்றால், பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது தொழிற்சாலை நினைத்ததைவிடக் கீழே தொங்கும், மேல் கையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் மேல் போல் ஜொயின்டும் சக்கரத்தைச் சுழற்றும் சிவி அச்சும் அந்தக் கோணத்தைத் தாங்க வேண்டும். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால்தான் இது தொல்லையாகத் தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

இரண்டாவது, ஸ்பிரிங்குக்கும் தலைத்தட்டுக்கும் இடையில் உள்ளே வைக்கும் துண்டு. இதற்கு ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்ற வேண்டும். யாரிடமாவது கருவி இரவல் வாங்கி வீட்டு வாசலில் வைத்து இதைச் செய்ய நினைக்கிறவருக்கு என் ஒரே ஆலோசனை, செய்யாதீர்கள். அமுங்கிய ட்ரக் ஸ்பிரிங் நழுவினால் அது போகிற வழியில் உங்கள் முகம் இருக்கக்கூடாது. மேலும் ஸ்ட்ரட்டின் நீளம் மாறாமல் வாகனம் மட்டும் உயர்ந்து நிற்பதால், சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம் குறைந்துவிடும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது "டொக்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு ஓடுகிற ட்ரக்குகளை மார்க்கம் ரோடில் தினமும் கேட்கலாம்.

மூன்றாவது, ஷொக்கையே மாற்றுவது. பில்ஸ்டைன் 5100 போன்றவற்றின் உடம்பில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும், ஸ்பிரிங் தாங்கும் தட்டின் வளையத்தை எந்த வரியில் பூட்டுகிறோமோ அதைப் பொறுத்து உயரம். ஒரு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிய ட்ரக் என்றால் பழைய ஷொக் எப்படியும் களைத்துப் போயிருக்கும், அதன் தலையில் துண்டு வைப்பதைவிடப் புதியதைப் போடுவதே காசுக்குச் சரி. எனக்கு அந்த மாதம் காசு இல்லை, ஆகவே துண்டு. ஆயிரக்கணக்கில் விலை போகும் முழு கொயிலோவர்கள், அதாவது ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷொக்குகள், பாலைவனத்தில் பாய்கிறவர்களுக்கு. பேஸ்மென்ட்காரருக்கு எதற்கு?

ஒன்றை யாரும் சொல்வதில்லை. எந்தக் கிட்டும் பாரம் தாங்கும் அளவைக் கூட்டாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஒட்டுச்சீட்டு இருக்கும், ஆட்களும் பொருட்களும் சேர்த்து இவ்வளவு கிலோவைத் தாண்டக்கூடாது என்று. அந்த எண் அப்படியேதான் இருக்கும். பின்பக்கத்துக்குக் காற்றுப்பை போட்டால் பாரத்தோடு மட்டமாக நிற்கும், ஆனால் அதுவும் அந்த எண்ணைக் கூட்டாது. மட்டமாக நிற்பதால் அளவு தாண்டியது கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

கடந்த மே மாத நீண்ட வார இறுதியில் நானும் மருமகனும் வீட்டு வாசலிலேயே இரண்டரையைக் கழற்றி ஒன்றரையைப் போட்டோம். தூண்டிவிட்டவன் அவன், ஆகவே அடியில் படுக்க வேண்டியவனும் அவன் என்று தீர்ப்பாகியது. முந்தின இரவே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டோம். ஒன்ராறியோ உப்பில் எட்டு மாரி கண்ட இரும்பு, சும்மா கழன்று வராது. பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜக்கில் தூக்கி, சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்தபிறகுதான் சக்கரத்தில் கை வைத்தோம். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகிறவர்களை நான் வேலைக்கு எடுப்பதில்லை.

வளைவில் ட்ரக் சாயாமல் பிடிக்கும் ஸ்வே பார் என்ற தண்டின் இணைப்பை இரண்டு பக்கமும் கழற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் மற்றப் பக்கம் பிடித்துக்கொண்டு தொல்லை கொடுக்கும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸின் வயரையும் பிரேக் குழாயையும் பிடித்திருக்கும் கிளிப்புகளை விடுவிக்க வேண்டும். சக்கர நடுவிலுள்ள மூடியைத் தட்டி எடுத்து சிவி அச்சின் நட்டையும் கழற்றிவிடுவது எஃப்-150க்கு முக்கியம், இல்லையென்றால் முழுப்பாகமும் வெளியே சாயும்போது அச்சு இழுபட்டு, முன்சக்கரத்தை அச்சோடு இணைத்தும் விடுவித்தும் விடும் வக்கூம் பாகம் கெட்டுவிடும். பிறகு ஓடும்போது கரகரவென்று அரைக்கும்.

மேல் போல் ஜொயின்டில்தான் எல்லாரும் பிழை விடுவது. நட்டைக் கழற்றியதும் அது விழாது, கூம்பாகப் பொருந்தி இறுகியிருக்கும். மருமகன் அதன் தலையில் சுத்தியலால் அடிக்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். புரியை நசுக்கினால் அத்தோடு புது ஜொயின்ட் வாங்க வேண்டும். நட்டை இரண்டு மூன்று புரியில் விட்டுவைத்து, அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் பெரிய இரும்பின் பக்கத்தில், நக்கிள் என்பார்கள், அதில் ஓங்கி நாலு அடி. நாலாவது அடியில் "டப்" என்று விட்டது. நட்டு புரியில் இருந்ததால் ஒன்றும் காலில் விழவில்லை. அந்த நிமிடத்திலிருந்து நக்கிளைத் தொங்கவிடக் கூடாது, பிரேக் குழாயில் பாரம் போகும். ஒரு கயிற்றால் மேலே கட்டி வைத்தோம், ட்ரைவோல் கட்டுகிற அதே கயிறு.

பிறகு ஸ்ட்ரட்டின் அடிப்பக்கம், மேலே மூன்று நட்டு, அதைக் கடைசியாக. கையோடு வந்துவிடும், பாரமாக இருக்கும். பழைய துண்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பூட்டியதும் திரும்ப ஏற்றுவதுதான் பாடு, முழுப்பாகமும் தொழிற்சாலையில் இருந்து வந்ததைவிட நீளம் என்பதால் கீழ்க் கையை ஒருவர் நீண்ட கம்பியால் மிதித்து அழுத்த, மற்றவர் ஸ்ட்ரட்டின் அடியை இடத்தில் தள்ள வேண்டும். எங்களுக்கு இந்த முறை துண்டு சின்னது, ஆகவே அவ்வளவு கஷ்டம் இல்லை. றப்பர் புஷ் உள்ள போல்ட்களைக் காற்றில் தொங்கும்போது முழுவதும் இறுக்கக்கூடாது. சக்கரம் போட்டு, ட்ரக்கை நிலத்தில் இறக்கி, தன் பாரத்தில் நிற்கும்போது இறுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த றப்பர் வாழ்நாள் முழுவதும் முறுகியபடியே இருந்து கிழியும். முதல் பக்கம் நாலு மணித்தியாலம், இரண்டாவது பக்கம் ஒன்றரை. இடையில் மனைவி ரோல்ஸும் தேநீரும் கொண்டுவந்து, எப்போது ட்ரக்கில் ஏறலாம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

சக்கர நட்டு 150 அடி-இறாத்தல், அதை இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும், காற்றுத் துப்பாக்கியால் அல்ல. 100 கிலோமீற்றர் ஓடியபின் திரும்ப ஒரு தரம் பார்த்தோம். அடுத்த நாளே அலைன்மென்ட், "பிறகு பாப்பம்" இல்லை.

இனி லைட். அந்த அம்மாவுக்காக இதை விரிவாக எழுதுகிறேன், வெட்டுவதானால் மேலே ரோல்ஸ் கதையை வெட்டுங்கள் ஆசிரியரே. கிட் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. இரவில் மட்டமான நிலமும் சுவரும் உள்ள இடத்துக்குப் போங்கள், கடை மூடிய பிளாசாவின் பின்பக்கம் போதும். சுவரிலிருந்து 25 அடியில் நிறுத்துங்கள். லைட்டின் நடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நிலத்திலிருந்து அளந்து, சுவரில் அதே உயரத்தில் பெயின்ட்காரர் ஒட்டும் நீல டேப்பை ஒட்டுங்கள். லோபீம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்த டேப்புக்குக் கொஞ்சம் கீழே விழும். எத்தனை அங்குலம் கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு இரண்டு இருந்தது. கிட் போட்டபின் அதே இடத்தில் திரும்ப அளந்தால் லைட்டின் நடுவும் உயர்ந்திருக்கும், வெளிச்சம் அதைவிட அதிகமாக உயர்ந்திருக்கும். டேப்பைப் புதிய உயரத்துக்கு மாற்றி, லைட்டின் பின்னாலுள்ள திருகைத் திருகி, முன்பிருந்த அதே இடைவெளி வரும்வரை இறக்குங்கள். இரண்டு பக்கமும். பதினைந்து நிமிட வேலை, காசு ஒரு சதம் இல்லை. கிழமை முழுவதும் பாரத்தோடு ஓடுகிறவர் பாரம் ஏற்றிய நிலையில் வைத்து இதைச் செய்வதுதான் நியாயம்.

புதிய ட்ரக்குகளில் முன் கண்ணாடியில் கமராவும் முகப்பில் ரேடாரும் இருக்கின்றன. தானாக பிரேக் போடுவது, முன் வாகனத்தோடு இடைவெளி பார்ப்பது எல்லாம் அவற்றை நம்பித்தான். வாகனம் நிமிர்ந்தால் அவற்றின் பார்வையும் நிமிரும். அதை மீண்டும் சரிசெய்யும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், அப்போது இருநூறு டொலர் என்பது இருநூறாக இருக்காது.

பெரிய ரயர் ஆசை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை, இந்தக் கிட் போடுகிறவர்களில் பலபேர் அதற்காகத்தான் போடுகிறார்கள். 275/65 ஆர் 18இலிருந்து 275/70 ஆர் 18க்குப் போனால் விட்டம் 32 அங்குலத்திலிருந்து 33க்கு ஏறும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் 103இல் போய்க்கொண்டிருப்பீர்கள். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பிப் பின்னால் எடுக்கும்போது பிளாஸ்டிக்கில் உரசும் சத்தம் கேட்டால் அது ரயர்தான். பெற்றோலும் கூடக் குடிக்கும்.

காப்புறுதிக்காரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துச் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு தரமும் சொன்னேன், ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். வாரண்டி உள்ள வாகனம் என்றால் டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். அமெரிக்க வீடியோக்களில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைச் சொல்லி, வாரண்டியை மறுக்க முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசுவார்கள். அது அமெரிக்கச் சட்டம், கனடாவில் டீலரின் மேசையில் அதை வைத்துப் பேச முடியாது.

போன மாதம் லிண்ட்சே பக்கம் திரும்ப ஒரு வேலை. நாலு இரவு போய்வந்தேன். ஒருவர் மட்டும் லைட் அடித்தார். அடடா என்று வேகத்தைக் குறைத்தேன், அரைக் கிலோமீற்றர் தாண்டி வீதியோரத்தில் மூன்று மான் நின்றன.

மருமகனுக்கு இன்னும் திருப்தி இல்லை. வரும்போதெல்லாம் ட்ரக்கைச் சுற்றி நடந்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "மாமா, முக்கால் அங்குலம் இன்னும் மணந்துகொண்டுதான் நிக்குது" என்கிறான். வியாழக்கிழமை 30 ட்ரைவோல் ஏற்ற வேண்டும், இரண்டு தடவையாகத்தான். ஏற்றிவிட அவனையே வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பேஸ்மென்ட் வேலைக்காரன்,
ஸ்காபரோ